எல்லோருக்கும் ஒன்பது மணி

ஆபீஸில் அவனுக்குப் பேர் 'சேனல்'. யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. கண் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. பதினோரு பேர், இரண்டு அறை, பாதி நாள் வேலை செய்யாத ஒரு காபி மெஷின். அவன் அங்கே சேர்ந்து ஆறு வருஷம். அதில் நாலு வருஷமாக வீட்டில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். புரோகிராமிங்கில் அ ஆ கூடத் தெரியாதவர்களுக்கு அதைப் புட்டுப் புட்டு வைப்பான். நன்றாகவே சொல்லுவான், அதில் குறை சொல்ல முடியாது.

அவன் சேனலில் ஐம்பதாயிரம் பேர் சேர்ந்த அன்று மனைவி கேக் வாங்கி வந்தாள்.

"சந்தோஷமா இருக்கா?"

"ம். இருக்கு."

கேக்கை வெட்டும்போது கத்தியில் பட்ட வெளிச்சம் கேமராவில் எப்படித் தெரியும் என்று பார்த்தான். அவ்வளவுதான். வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு துண்டு தின்றுவிட்டு, அன்றைக்குப் போட வேண்டிய வீடியோவுக்குத் தலைப்பு யோசிக்கப் போய்விட்டான்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் அளந்து பிரித்து வைக்கிறவள். காலை ஐந்தரை முதல் ஏழு வரை படிப்பு, சாயங்காலம் ஏழு முதல் எட்டரை வரை வீடியோ என்று அவள்தான் நேரம் பிரித்துக் கொடுத்தாள். ஒரு மாதம் அது ஒழுங்காக நடந்தது. அப்புறம் முந்தின நாள் வீடியோவுக்கு வந்த கமென்ட்களுக்குப் பதில் போடுகிற வேலை காலையில் நுழைந்தது. அதன் பின்னாலேயே முகப்புப் படம் செய்கிற வேலையும் வந்து உட்கார்ந்துகொண்டது. படிக்க வேண்டியவையெல்லாம் திறந்தபடியே கிடந்தன. முதல் இரண்டு வருஷம் கற்றதைச் சொன்னான். அடுத்த இரண்டு வருஷம் சொன்னதையே சட்டையை மாற்றிக்கொண்டு சொன்னான். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் டீமை நடத்துகிற லீட் வந்து அவன் மேஜைப் பக்கத்தில் நின்றாள். அவனைவிட ஐந்து வயது இளையவள், அவனுக்குப் பிறகு சேர்ந்தவள். சேர்ந்த புதிதில் ஒரு வருஷம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தே மேலே வந்தவள்.

"நோயாளிகளுக்குப் போற ஞாபக மெசேஜ் இருக்குல்ல, அதைப் புதுப் பதிப்புக்கு மாத்தணும். உங்களுக்கு அரை நாள் போதும்ல?"

"போதும்."

ஒரு தேதியிலிருந்து நேரத்தைப் பிரித்தெடுக்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டான். முன்பு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பான். இணையத்தில் தேடினான். முதலில் வந்தது அவன் முகம். இரண்டு வருஷத்துக்கு முந்தினது, நீலச் சட்டை. அதை அழுத்தி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பார்த்தான். திரையில் இருந்தவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். யாரோ விவரம் தெரிந்த ஆள் போலிருந்தது. அவன் சொன்ன வரியை அப்படியே எழுதிக்கொண்டான்.

"டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்றாள் லீட், கிளம்பும்போது.

"பண்ணிட்டேன்."

பண்ணியிருந்தான்தான். ஒரே ஒரு நோயாளியை வைத்து. அந்த ஆளுக்குக் குறித்திருந்த நேரம் காலை ஒன்பது.

வியாழக்கிழமை ஒன்பதேகாலுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அன்றைக்கு நாள் முழுக்க வர வேண்டிய அறுபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசலில் நிற்கிறார்களாம். எல்லோர் மெசேஜிலும் ஒன்பது மணி. ஆபீஸில் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவன் போனும் அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளை, எனக்கு நாலு மணின்னுதான் சொல்லியிருந்தாங்க. நேத்து ஒம்பதுன்னு மெசேஜ் வந்துச்சு. இங்க நிக்கக்கூட இடமில்ல. இது உங்க கம்பெனி போட்டதுதானே?"

"ஆமா மாமா."

"அதான் பக்கத்துல இருக்கவர்கிட்ட, என் மாப்பிள்ளைதான் இதெல்லாம் செய்யறாருன்னு சொல்லிட்டிருந்தேன்."

"சொல்லாதீங்க மாமா."

"சொல்லியாச்சே. அவரு உங்க நம்பர் கேக்கறாரு."

தப்பு எங்கே என்று லீட் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஒரு வரி புதுப் பதிப்பில் நேரத்தை விட்டுவிடுகிறது. நேரம் இல்லாவிட்டால் மருத்துவமனை திறக்கிற நேரத்தை மென்பொருளே போட்டுக்கொள்ளும்.

"இது எங்கேருந்து எடுத்தீங்க?"

அவன் வீடியோவைத் திறந்து காட்டினான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே கமென்ட்களுக்குப் போனாள். மூன்றாவதாக, 'குடைக்காரன்' என்ற பெயரில் ஒருவன் ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதியிருந்தான்: 'அண்ணா, புதுப் பதிப்புல இந்த வரி நேரத்தை விட்டுடுது. மாத்திடுங்க, யாராவது மாட்டிக்குவாங்க.'

அதன் கீழே இவன் பதில்: 'மிக்க நன்றி, தொடர்ந்து பாருங்கள்.' கூடவே கும்பிடுகிற இரண்டு கை.

லீட் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தப்பைத் திருத்தி, எல்லோருக்கும் சரியான நேரத்தை அனுப்பிவிட்டு வந்தாள்.

"நாளையிலேருந்து நீங்க எழுதறது எதுவும் நான் பாக்காம வெளிய போகாது. மத்தியானம் ஒரு மணி நேரம் சேந்து உக்காருவோம். கோபத்துல சொல்லல."

"சரி."

தன் இடத்தில் உட்கார்ந்து, இப்போது வெட்கம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பயமாவது வருமா என்று பார்த்தான். அதுவும் இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனால் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் சாய்ந்திருந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கடைசியில் அவரை உள்ளே கூப்பிட்டது நாலு மணிக்குத்தானாம். நாள் முழுக்க உட்கார்ந்ததில் மூன்று பேர் சிநேகமாகிவிட்டதாகச் சொன்னார். அவர் படுத்த பிறகு மனைவி கேட்டாள்.

"வீடியோ நிறுத்தப் போறீங்களா?"

"நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சேன். ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சு. நிறுத்தாட்டி என்ன ஆகும்னு யோசிச்சேன். அப்பவும் அதேதான் தோணுச்சு."

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்தத் தப்பைச் சரி பண்ணுங்க. இப்பக்கூட யாராவது அதைப் பாத்து எழுதிட்டிருப்பாங்க."

அது அவன் நினைப்பிலேயே வந்திருக்கவில்லை. உட்கார்ந்து, வீடியோவுக்கு மேலேயே கண்ணில் படும்படி திருத்தத்தைப் போட்டான். குடைக்காரனுக்கும் எழுதினான்: 'நீங்க சொன்னதுதான் சரி. படிக்காமலே நன்றி சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.'

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'பரவால்ல அண்ணா. நான் இப்ப புரோகிராமிங் பண்றதில்ல. சோபாக் கடையில இருக்கேன். உங்க குரல் நல்லா இருக்கும்.'

அதை மூன்று தடவை படித்தான்.

வீடியோவை நிறுத்துவதாக அவன் யாருக்கும் அறிவிக்கவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று முதல் மாதம் நாற்பது பேர் கேட்டார்கள், அடுத்த மாதம் ஆறு பேர். வீடியோவுக்காக மாட்டியிருந்த லைட்டுகளைக் கழற்றி மனைவி அலமாரிக்கு மேலே வைத்தாள். காலை ஐந்தரைக்கு எழுந்து படித்தான். பல நாள் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். சில நாள் தூங்கிப்போனான்.

மத்தியானம் லீட் அவன் எழுதியதை வரி வரியாகக் கேட்பாள். "இது ஏன்?" என்பாள். தெரியாவிட்டால், "தெரியல" என்பான். கேமரா முன்னால் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் சொல்லாத வார்த்தை அது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

நாலாவது மாதம் ஒரு நாள், மருந்துச் சீட்டுக்கான ஒரு பகுதியை அவனே எழுதினான். இரண்டு தடவை உடைந்தது. மூன்றாவது தடவை உடையாமல் ஓடியது. பன்னிரண்டு நோயாளிகளை வைத்துச் சோதித்தான். அவள் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"இது ஏன்?"

சொன்னான்.

"ம். இது வெளிய போகலாம்."

அவள் எழுந்து போனாள். அவன் உள்ளே ஏதாவது அசைகிறதா என்று கவனித்தான். பெரிதாக ஒன்றுமில்லை. மணி இரண்டேகால் ஆகியிருந்தது. பசித்தது. டப்பாவைத் திறந்து, ஆற அமரச் சாப்பிட்டான்.