காமிராவில் விழுந்த முகம்

கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாணுமாலையன், சேலை களவு போகிறதென்று 1986-இல் காமிரா மாட்டி, பின்னறையில் டிவியும் வைத்தார். காமிரா வாசலைப் பார்த்திருந்ததால் வெயில் அடித்து, வருகிறவர்களெல்லாம் கரிய நிழலாகவே தெரிந்தார்கள். மெக்கானிக் வந்து அதை உள்பக்கம் திருப்பி, கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சிப்பந்திகள் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒருவன் பட்டுச்சேலையைப் பைக்குள் திணிப்பது டிவியில் பளிச்சென்று தெரிந்தது.

"பார்வதி, ஓடி வா! அவன் மூக்குல உள்ள மச்சம்கூடத் தெரியுது, கேட்டியா!" என்று, சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

பார்வதியம்மாள் வந்து பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆளைப் பிடிக்கண்டாமா?"

அவர் முன்பக்கம் ஓடுவதற்குள் அவன் பஸ் ஏறிவிட்டான்.

சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார்.

"சேலை போனாப் போட்டும் ஓய்," என்றார் தாணுமாலையன். "காமிரா ஒண்ணாந்தரம். நீரும் ஒண்ணு மாட்டும்."