பக்கத்து வீட்டுப் பாடம்

ஒரு பாடத்தில் தேறிவிட்டால், தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலமே அந்தப் பாடம் பிள்ளையின் வீட்டுக்கு வந்துவிடும். கையில் ஒரு துணிப்பை இருக்கும். வாசலில் நின்று, "கோமதிநாயகம் வீடு இதுதானே?" என்று கேட்கும். ஆமாம் என்று உள்ளே கூப்பிட்டு, கூட ஒரு தட்டு வைக்க வேண்டியதுதான். ஏழுமதகு ஊரில் எந்த வீட்டில் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்று பலசரக்குக் கடைக்காரர் அரிசி நிறுக்கும்போதே சொல்லிவிடுவார்.

கோமதிநாயகத்தின் வீட்டில் பத்துப் பாடங்கள் இருந்தன. தமிழ் எந்நேரமும் கட்டிலில் படுத்திருக்கும்; தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் கண்கலங்கும். ஆங்கிலம் வீட்டுக்குள் வாயே திறக்காது, தெருவில் யாராவது போனால் மட்டும் சன்னல் வழியே பேசும். இயற்பியல் செய்முறைக்கு ஒரு பக்கத்துப் புருவம் கருகியிருந்தது. சுற்றுச்சூழல் கல்விக்கு எல்லார் வீட்டிலும் ஒரே முகஜாடை. சாப்பாட்டு நேரத்தில் வீடு மாறிப் போய் உட்கார்ந்துவிடும், ஒருவரும் கண்டுகொள்வதில்லை. இதெல்லாம் முதல் தடவையிலேயே தேறியவை, அதனால் காலில் ஷூ போட்டுக்கொண்டு வந்தவை. கைடு படித்துத் தேறியது என்பதால் அவற்றுக்கு நாயகத்தின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. "தம்பி, அந்த மின்விசிறியைப் போடு" என்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

பத்தாவது, புள்ளியியல். நாலாவது தடவை எழுதி நாற்பது வாங்கித் தேறிய பாடம். அரியர் எழுதி வருகிற பாடங்கள் வெறுங்காலோடுதான் வரும். இது ஒரு மழை நாளில் வந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது, பேச்சு கொஞ்சம் திக்கியது. வந்த அன்றே அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்து, "அ… அம்மா, மாவு இருக்கிற இருப்புக்கு ஆளுக்குச் சராசரியா ரெண்டே முக்கால் தோசை வரும்" என்றது. நாயகத்தின் அம்மா ஆவுடையம்மாளுக்கு அப்போதே அதைப் பிடித்துவிட்டது. நாலு தடவை முட்டி மோதிய பழக்கத்தில் அதற்கு நாயகத்தை நன்றாகத் தெரியும். அவன் பொய் சொன்னால் காது சிவக்கும் என்று அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி அவன் கால்மாட்டில் படுத்துக்கொள்ளும்.

நாயகத்துக்கோ அதைப் பார்த்தாலே கூச்சம். கூடப் படித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் மாடிக்கு அனுப்பிவிடுவான்.

அந்த வருஷம் தென்கரைப் பல்கலைக்கழகத்தில் ஆள் சேரவில்லை என்று அவன் படித்த பிரிவையே மூடிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டு படிக்க ஆற்றைத் தாண்டி வடகரைப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். வடகரைக்காரர்கள் வீடு தேடி வந்து பாடங்களைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். கிரெடிட் குறைந்தால் முதல் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும். அப்படித் தொடங்குவதாயிருந்தால் தாம்பரத்தில் மாமாவின் மளிகைக் கடைக்குப் போய்விடு என்று அப்பா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்தக் காரியத்துக்கென்றே இருக்கிற தரகர் சிதம்பரதாணு, பார்க்க வருவதற்கு முதல் நாள் வந்து பத்தையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். புள்ளியியலின் காலைப் பார்த்ததும் குடையைத் தரையில் ஊன்றினார்.

"தம்பி, இதை மட்டும் சபையில காட்டாதீரும். மத்ததெல்லாம் ஷூவும் காலுறையுமா ஜம்முனு இருக்கு. நடுவுல இது நின்னா அத்தனையும் அரியர்னு நெனச்சிருவாவ."

"அவனை விட்டுட்டா நாலு கிரெடிட்டு குறையுமேய்யா" என்றாள் ஆவுடையம்மாள்.

"எங்கம்மா குறையுது? ஒம்பதுக்கும் சரின்னு தட்டு மாத்திட்டாவன்னா, இதைச் சீரோட சீரா அனுப்பி வச்சிருவோம். அண்டா குண்டாவோட இறங்கினா எவன் காலைப் பாக்கப் போறான்?"

"அதுவரைக்கும் அவன் எங்க இருப்பான்?"

"பால்துரை வீட்டுல இருக்கட்டும்."

பால்துரை அண்ணாச்சி பக்கத்து வீடு. தண்ணீர் கேன் போடுகிறவர். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்பதால் வீட்டில் பாடம் எதுவும் கிடையாது, இடம் தாராளம். புள்ளியியல் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு தானாகவே போனது. போகும்போது நாயகத்திடம், "நா… நாளைக்கு நல்லா நடக்கும்" என்றது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் நல்ல நேரத்தில் வடகரையிலிருந்து பேராசிரியை மீனலோசனி வந்தார். துணைக்கு அவர் அக்காவும் வந்திருந்தார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, மல்லிகைப்பூ, பல்கலைக்கழகத்தின் விவரக் கையேடு. ஜமக்காளத்தில் ஒன்பது பாடங்களும் கிரெடிட் வரிசைப்படி உட்கார்ந்திருந்தன. கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன.

"தமிழ் பாடுமா?" என்று அக்கா கேட்டார்.

தமிழ் இரண்டு வரி பாடிவிட்டு அழுதது. நல்ல குரல் என்றார்கள். இயற்பியல் செய்முறையைக் கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள். ஆங்கிலம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னது. சிதம்பரதாணு பஜ்ஜியைத் தொடாமல் ஒவ்வொன்றுக்கும், "தங்கமான பாடம்" என்றார்.

காபி கலந்த பிறகுதான் ஆவுடையம்மாளுக்கு டம்ளர் போதாது என்று தெரிந்தது. அக்கா வருவார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தினமும் கூப்பிடுகிற பழக்கத்தில் அடுப்பங்கரையிலிருந்தே குரல் கொடுத்துவிட்டாள். "எய்யா, ரெண்டு டம்ளர் எடுத்துட்டு வா."

புள்ளியியல் பால்துரை வீட்டிலிருந்து இரண்டு டம்ளர்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தது. அதிலேயே காபியை ஊற்றித் தாம்பாளத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது. ஈரக்கால் தடம் வாசலிலிருந்து ஜமக்காளம் வரைக்கும் இருந்தது. ஒன்பது பாடங்களும் தங்கள் ஷூவை உள்ளுக்கு இழுத்துக்கொண்டன.

"இது யாரு?" என்றார் மீனலோசனி.

தரகர் தொண்டையைக் கனைத்தார். கேள்வி பிள்ளையைப் பார்த்துக் கேட்கப்பட்டது. பிள்ளைதான் பதில் சொல்லவேண்டும்.

"பக்கத்து வீட்டுப் பாடம்" என்றான் நாயகம். "சும்மா ஒத்தாசைக்கு வந்திருக்கு."

புள்ளியியல் அவன் காதைப் பார்த்தது. பிறகு மீனலோசனியிடம் திரும்பி, "ஆமாங்க, பக்கத்து வீடுதான்" என்றது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அதற்குத் திக்கவில்லை. "சர்க்கரை ச… சராசரியா ஒண்ணரைக் கரண்டி போட்டிருக்கேன். கூடக் குறைய இருந்தா சொல்லுங்க."

ஆவுடையம்மாள் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனை ஒரு தடவை பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காபி குடித்த பிறகு மீனலோசனி கையேட்டைப் பிரித்துப் பாடங்களைக் கூட்டினார். தென்கரையின் நாலு கிரெடிட் வடகரைக்குப் போனால் மூன்றுதான், அங்கே வெயில் அதிகம். கூட்டி முடித்து, "நாலு குறையுதே. வீட்டுல வேற ஏதாவது இருக்கா? ஒரு புள்ளியியல் இருந்தாலும் போதும். அது மட்டும் எந்தக் கரையிலும் சுருங்காது" என்றார்.

சிதம்பரதாணு உத்தரத்தைப் பார்த்தார். நாயகம் ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்தான். தாம்பாளத்துக்கு முன்னால் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்லக் கூடாது. சொன்னால் தட்டையே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"வேற இல்ல" என்றான்.

"ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று அக்கா சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கட்டிலில் கிடந்து வளர்ந்த தமிழுக்குக்கூடத் தெரியும். அது இன்னொரு தடவை அழுதது.

வாசலுக்கு வந்த மீனலோசனி செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்தக் காபி கொண்டுவந்தது என்ன பாடம்?" என்று கேட்டார்.

"புள்ளியியல்ங்க" என்றது, மதில் ஓரமாய் நின்ற புள்ளியியல்.

தட்டில் தேங்காய் பழம் எல்லாம் அப்படியே இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதை வீணாக்குவானேன் என்று அக்காவும் சொன்னார். இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். பால்துரை அண்ணாச்சி கேன்களை ஓரமாய் நகர்த்தி உட்கார இடம் செய்தார். வெளியே போய் முறுக்கு வாங்கிவந்தார். உங்கள் பாடமா என்று கேட்டதற்கு, "நாயகம் தம்பி அப்படித்தான் சொல்லிச்சாம். படிச்ச பிள்ளை, சரியாத்தான் சொல்லியிருக்கும்" என்றார். தட்டு மாற்றினார்கள். பால்துரைக்கு வடகரையில் முதலாம் ஆண்டில் இடம் கிடைத்தது, நாலு கிரெடிட் கையிருப்போடு.

வெள்ளிக்கிழமை படகு. துறைக்குக் கிளம்புகிற முன்னால் புள்ளியியல் சொல்லிக்கொள்ள வந்தது. ஆவுடையம்மாள் அதற்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். "போற எடத்துல வயிறாரச் சாப்பிடு. கணக்குப் பாத்துக்கிட்டு இருக்காத" என்றாள். நாயகம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். வாளி நிறைந்து வழிந்தது. கதவுக்கு வெளியே புள்ளியியல், "த… தண்ணி வீணாப் போகுது" என்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

அவன் வெளியே வந்தபோது தெருவில் யாரும் இல்லை. செருப்பைத் தேடவில்லை, துறைக்கு ஓடினான்.

படகு கட்டவிழ்க்கப்படாமல் நின்றது. துறையில் இருபது முப்பது பேர் இருந்தார்கள், மூட்டைகளோடும் பாடங்களோடும். மீனலோசனி படகில் ஏறப் போனார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நாயகம், "அது என் பாடம். நான்தான் படிச்சேன். நாலு தடவை எழுதினேன். சபையில பொய் சொன்னேன்" என்றான்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் தன் குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டே, "பாவம்" என்றாள்.

"இங்க தட்டு இல்லையே தம்பி. தட்டு இல்லாத இடத்துல நீங்க சொல்றதை நான் எப்படி எடுத்துக்க முடியும்?" என்றார் மீனலோசனி, தன்மையாகத்தான். "பாடம் சொன்னா எடுத்துக்கலாம்." புள்ளியியலைக் கேட்டார். "இவர் யாரு உனக்கு?"

புள்ளியியல் தன் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "சபையில சொன்னதுதாங்க. இ… இவர் பொய் சொன்னாருன்னு என் வாயால வரக் கூடாது."

நாயகம் அப்படியே மணலில் உட்கார்ந்தான். எழுந்து வீட்டுக்குப் போகலாம், அங்கே ஒன்பது பாடங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும். தாம்பரத்துக்குப் பஸ் இருக்கிறது.

படகுக்காரர் குரல் கொடுத்தார். "மாணவர் எல்லாம் முன்னால, பாடம் எல்லாம் பின்னால. சீக்கிரம் ஏறுங்க, காத்து மாறுது."

பால்துரை அண்ணாச்சி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஏறினார். புள்ளியியல் பின்பக்கம் ஏறியது. நாயகமும் எழுந்து பின்பக்கம் ஏறி, அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

படகுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை கிரெடிட்டு?"

"ரெண்டு" என்றான் நாயகம். கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

மீனலோசனி கையேட்டைப் புரட்டினார். "பேரு?"

"கோமதிநாயகம்."

"இருக்கு. விருப்பப் பாடம். திங்கள், புதன் முதல் வகுப்பு. ரெண்டு வருஷமா யாரும் எடுக்கலை." அவர் முன்பக்கம் திரும்பினார். "பால்துரை, நீங்க எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

படகு நகர்ந்தது. நடு ஆற்றுக்கு வந்ததும் பால்துரை மெல்லத் தடுமாறிப் பின்பக்கம் வந்தார். நாயகத்தின் எதிரில் குந்தி உட்கார்ந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இதுவரை அவனைத் தம்பி என்று கூப்பிட்டவர், இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகப் பேசினார்.

"நமக்குப் படிச்சுப் பழக்கம் இல்ல. முழுசும் படிக்க முடியாது. தேர்வுல கேக்கிற மாதிரி முக்கியமான கேள்வி எது எதுன்னு மட்டும் சொல்லிட்டா நல்லாருக்கும்."

நாயகம் தலையைக் குனிந்துகொண்டு, முதல் அலகிலிருந்து சொல்லத் தொடங்கினான்.