பூட்டிய பெட்டிக்கு முழு மதிப்பெண்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நர்ஸ் ஏவ்லினின் கன்னத்தில் விழுந்த அறை, சோலோன் பேட்டையில் கிளினிக் இருந்த சந்தின் முனை வரை கேட்டது. அறைந்தவர் துணிக்கடை மஸ்தான். அதுவரை ஒருவரையும் கைநீட்டி அறியாத மனிதர்.

காய்ச்சலோடு வந்த அவர் மனைவி பரிதாவுக்கு, முந்தின நாள் டாக்டர் கப்ரியேல் எழுதிக்கொடுத்த ஊசியை ஏவ்லின் போட்டாள். இரண்டே நிமிடத்தில் பரிதாவின் உதடு வீங்கியது, தொண்டை அடைத்தது. கட்டிலிலிருந்து சரிந்து விழுந்து, மூச்சுக்காகத் தரையில் காலை உதைத்துக்கொண்டாள்.

அந்த ஒவ்வாமையை முறிக்கும் மருந்து அந்த அறையிலேயே இருந்தது. சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியில் ஐந்து குப்பிகள். பெட்டிக்குப் பூட்டு. சாவி டாக்டரின் சட்டைப்பையில். டாக்டரோ இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், வுங் டாவ் கடற்கரையில்.

பூட்டு வந்த கதை கேவலமானது. போன வருஷம் மூச்சுத் திணறிய ஒரு மீன்காரரை, அதில் ஒரு குப்பியை எடுத்துப் போட்டுத்தான் ஏவ்லின் காப்பாற்றினாள். மறுநாளே சுகாதாரத் துறையிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் எண்ணினார்கள். ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தது. கிளினிக்குக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. அன்றே டாக்டர் பூட்டை மாட்டினார். பிறகென்ன, எல்லாச் சோதனையிலும் ஐந்துக்கு ஐந்து, முழு மதிப்பெண்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவ்வளவு படித்தவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

"என்னடி போட்டே? கொன்னுட்டியே, பாவி!"

மஸ்தான் அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. ஏவ்லினுக்கு அழ நேரமில்லை.

"என்னைய அடிக்கிற கையால அந்தக் கண்ணாடிய அடிங்க பாய்! மருந்து உள்ள இருக்கு, சாவி இல்ல!"

அவர் பிளாஸ்டிக் முக்காலியால் அடித்தார். முக்காலிதான் உடைந்தது. வெறிபிடித்தவராய் முஷ்டியால் குத்தினார், மறுபடியும் குத்தினார். கண்ணாடி நொறுங்கி அவர் மணிக்கட்டைக் கிழித்தது. மூன்று குப்பிகள் விழுந்து சிதறின. நான்காவதை ரத்தத்தோடு பிடுங்கி, பரிதாவின் தொடையில் ஊசியை இறக்கினாள் ஏவ்லின்.

சற்று நேரத்தில் பரிதா அலறலோடு மூச்சை இழுத்தாள். அந்த அலறலைக் கேட்டுத்தான் மஸ்தான் குழந்தையைப்போல அழுதார்.

பரிதாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், மணிக்கட்டில் கட்டோடு மஸ்தான் மாலையில் கிளினிக்குக்குத் திரும்பி வந்தார்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். மனுசனா நடந்துக்கல நான்."

"நீங்க அடிச்சது தப்புதான் பாய். ஆனா மொத அடி ஒங்களோடது இல்ல. அந்தப் பூட்டோடது."

அப்போதுதான் டாக்டர் உள்ளே நுழைந்தார். அவர் கண் முதலில் போனது பெட்டிக்கு.

"திங்கக்கிழமை சோதனை வருது. என்ன கோலம் இது, ஏவ்லின்?"

ஏவ்லின் வீங்கிய உதட்டோடு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "சோதனைக்காரங்க வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாங்க டாக்டர். சாவு சொல்லிட்டா வருது? நாம யாருக்காக இந்த மருந்த வச்சிருக்கோம்?"

டாக்டர் பெட்டியருகே போனார். கண்ணாடிச் சில்லில் காய்ந்திருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை எடுத்துப் பூட்டைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நடந்தத அப்படியே எழுதி வை ஏவ்லின். மூணு உடைஞ்சது, ஒண்ணு மிச்சம், ஒண்ணு உயிரக் காப்பாத்துச்சு. எண்ணிக்க கொறஞ்சா நான் பதில் சொல்லிக்கறேன். ஆபத்துல கைக்கு எட்டாத மருந்து, இருந்தும் இல்லாததுதான்."