மூப்பருக்கு வைத்த மீன்கறி

வேதமாணிக்கத்தைப் புதைத்த மண் காய்வதற்குள், மன்னித்துவிடச் சொல்லி ஆனந்தபாயின் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. யாரை மன்னிக்க என்று கேட்டால், கர்த்தருடைய சித்தத்தை ஏற்றுக்கொள் என்பார்கள், வெள்ளை முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.

பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சபை அது. நாற்பது குடும்பம் இருந்தால் அதிகம். பொன் போடமாட்டார்கள், டிவி வைக்கமாட்டார்கள், போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து தொடமாட்டார்கள். காய்ச்சலானாலும் கட்டியானாலும் ஜெபம்தான். அந்தச் சட்டத்தில் சபைத் தலைவர் ராஜப்பன் மூப்பர் படு கண்டிப்பு. பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கிய குடும்பத்தை அப்பமும் ரசமும் பகிர்கிற பந்தியிலிருந்தே தள்ளி வைத்தவர்.

அந்த மூப்பரைத்தான் வேதமாணிக்கம் காட்டாக்கடையில் ஒரு சர்க்கரை டாக்டரின் வாசலில் பார்த்தான். சபை வெள்ளைக்குப் பதில் கட்டம் போட்ட சட்டை, கையில் ஊசி மருந்துப் பொட்டலம். வீட்டில் வந்து சொன்னபோது ஆனந்தபாய் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. சபை முறையை அச்சுப் பிசகாமல் பிடிக்கிற ஆள். ஒரு விசுவாசி தவறினால் முதலில் தனியாகப் போய் அவனிடமே சொல்ல வேண்டும். அவன் ஒப்புக்கொண்டால், கண்டித்தவனுக்குத் தன் கையால் சோறு போட வேண்டும். அதோடு மனஸ்தாபம் தீர்ந்தது. இதுதான் முறை. மனைவியிடம் சொன்னதே தப்பு என்று வருத்தப்பட்டுக்கொண்டு, மறுநாள் மத்தியானம் வேதமாணிக்கம் தனியாகப் போனான். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பான்.

திரும்பி வந்தவன் முகம் தெளிந்திருந்தது. மூப்பர் அழுதாராம், வருகிற ஞாயிறே சபைமுன் அறிக்கை செய்கிறேன் என்றாராம், மீன்கறி விட்டுச் சோறு போட்டாராம். கறியில் மிளகாய் எரிவு கொஞ்சம் கூடுதல் என்று மட்டும் சொன்னான். சாயங்காலம் வாந்தி பிடித்தது. நெஞ்சுத் துடிப்பு விட்டுவிட்டு வந்தது. அடுத்த வீட்டு சதாசிவன் சபைக்காரன் இல்லை. ஓடிப் போய் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதற்குள் ராஜப்பன் மூப்பர் வந்து சேர்ந்து, ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். வேதமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் உயிர் அடங்கும்வரை முழங்காலில் நின்று ஜெபித்தார். ஆனந்தபாயும் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும்.

சந்தேகம் இருந்தது, பிடி இல்லை. பிடி கொடுத்தது மூப்பரின் மனைவி விஜயம்மா. பாவம், ஒன்றும் அறியாத மனுஷி. ஆறுதல் சொல்ல வந்த இடத்தில், அன்று தான் மகளின் பேறுகாலத்துக்காக ஆரியங்கோட்டில் இருந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். திரும்பி வந்தால் வீட்டுக்காரர் அம்மியைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவி வைத்திருந்தாராம். குடித்த தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷனுக்கு இப்போதாவது கரிசனம் வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். ஆனந்தபாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த மகராசன் அம்மியில் எதை அரைத்தான் என்பதுதான் இனி தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய பந்தி. பந்திக்கு முன்னால் தீர்த்துக்கொண்ட காரியத்தை அப்புறம் சாகும்வரை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. ஆள்மேல் ஆள் அனுப்பும் அளவுக்கு மூப்பருக்கு அவளுடைய மன்னிப்பின்மேல் ஆசை ஏன் வந்தது என்பது இப்போது விளங்கியது. அவள் சொல்லி அனுப்பினாள்: ஜீப்பைத் திருப்பி விட்டதில் மூப்பர்மேல் மனஸ்தாபம் வைத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன், முறைப்படி பந்திக்கு முன் மூப்பர் என் கையால் சாப்பிடட்டும். அவர் அந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னாராம்.

பூவாரிலிருந்து வருகிற மீன்காரியிடம் நல்ல நெய்மீனாகப் பார்த்து வாங்கினாள். தேங்காய் வறுத்தரைத்து, புளி விட்டு, எரிவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். புருஷனுக்குக்கூட இத்தனை பக்குவமாக வைத்ததில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு உப்புப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து, பந்தி தொடங்குமுன், சபை முழுதும் பாயில் உட்கார்ந்து பார்க்க, அவள் போட்ட சோற்றை மூப்பர் சாப்பிட்டார். ரசித்துத்தான் சாப்பிட்டார், விரலைக்கூட நக்கினார். கடைசி உருண்டை தொண்டையில் இறங்கும்வரை ஆனந்தபாய் எதிரே பொறுமையாக இருந்தாள்.

"மூப்பரே, நீங்க எனக்க வீட்டுக்காரருக்கு வச்ச அதே கறியாக்கும். அம்மியில நீங்க அரச்சத நானும் அரச்சேன்."

மூப்பரின் கை இலையிலேயே நின்றது. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சபை என்ன செய்யும்? அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தது. எல்லாரும் முழங்காலில் விழுந்து உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார்கள். மூப்பர் கையை வீசிக் கத்தினார்.

"எலே, ஜெபம் வேண்டாம், வண்டி எடுங்க. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

ஜெபம் நின்றது. ஆனந்தபாய் அவர் பக்கம் குனிந்தாள். குரலை மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன விஷமுண்ணு கேப்பாரு. தெரியாம எப்பிடி மருந்து தருவாரு? நாங்க என்ன செல்லணும்?"

"ஒதளங்கா. ஒதளங்கா அரச்சதுண்ணு செல்லு. வேகம்."

பூவார் காயலோரத்தில் பச்சை மாங்காய் மாதிரித் தொங்குகிற காய் அது. அதன் கொட்டையைத் தொடாதே என்று சொல்லித்தான் அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். முதலில் வாய் திறந்தது விஜயம்மா.

"அவ ஒதளங்காண்ணு செல்லல்லியே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆனந்தபாய் சட்டியை இழுத்து, மிச்சக் கறியைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, எல்லாரும் பார்க்க ஒரு வாய் சாப்பிட்டாள். அதில் மீனையும் மிளகாயையும் தவிர ஒன்றும் இல்லை என்று மூப்பருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அந்த மனுஷன் செய்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கி, தன் உயிர் தப்பியதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி அழுதார்.

அவள் எழுந்து கை கழுவினாள். ஜீப்போடு வெளியே நிற்கச் சொல்லியிருந்த சதாசிவனைக் கூப்பிட்டு, பாறசாலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றாள். இளைய மூப்பர் பொன்னப்பன் குறுக்கே வந்தார். விசுவாசி ஸ்டேஷன் படி ஏறக்கூடாது, ஏறினால் பந்தியும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் புருஷனுக்குப் பக்கத்தில் இடமும் இல்லை என்றார். அது அவளுக்கு உறைத்தது.

"போலீசுக்காரங்க அவரயே தோண்டி எடுக்கப் போறாங்க. பொறவு எனக்கு எதுக்கு அங்க எடம்?"

பொன்னப்பன் விலகி நின்றார். ராஜப்பனின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியது விஜயம்மாதான். ஏறி உட்கார்ந்த பிறகு அவர் ஆனந்தபாயைப் பார்த்து, அவள் விஷம் வைக்கவில்லை, நல்ல மனசுக்காரி, கர்த்தர் அவளை ஆசீர்வதிப்பார் என்றார். முன் சீட்டில் இருந்த ஆனந்தபாய் திரும்பினாள்.

"நல்ல மனசொண்ணும் இல்ல. நீ செத்தா எனக்கு ஒரு நாளாக்கும் சந்தோஷம். நீ சாவக்கூடாது. ஜெயில்ல, அவுங்க தாற மருந்தத் தின்னுக்கிட்டு, ரொம்பக் காலம் கெடக்கணும்."