சுரபாயாவின் கல்யாணப் பாட்டு

என் தம்பி செத்ததைப் பற்றி நான் எழுதிய பாட்டுக்கு இந்தோனேசியாவில் மணப்பெண்கள் மேடையேறுகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவன் டோபி. எங்கள் பாட்டுக் குழுவின் வரவுசெலவைப் பார்க்கிற லண்டன்காரன். சனிக்கிழமை காலை, ஸ்டோக்கில், எங்கள் ஊர் ஓட்ஸ் தோசையான ஓட்கேக் விற்கிற தெருமுனைக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஹெதர், உக்காந்திருக்கியா?"

"ஓட்கேக் வாங்க நிக்கிறேன்."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. உங்க 'கதவு' பாட்டு நாலு கோடி தடவை ஓடியிருக்கு. ஜகார்த்தா, சுரபாயா, மணிலா... எல்லாம் கல்யாண வீடியோ. பொண்ணு மண்டபத்துக்குள்ள வர்றப்ப உங்க பாட்டத்தான் போடறாங்க!"

"எந்த வரியைப் போடறாங்க?"

"அந்த 'கதவு திறந்தே இருக்கு, உள்ள வா'. அதுதான். என்ன மாதிரி வரி எழுதியிருக்க தெரியுமா நீ?"

தெரியும். அது என் அம்மா சொன்ன வரி. என் தம்பி கேரத்துக்கு ஓடு தயாரிக்கிற ஆலையில் ராத்திரி வேலை. விடிகாலையில் சைக்கிளில் வருவான், சாவியை எப்போதும் எங்கேயாவது விட்டுவிடுவான். அவனுக்காக அம்மா வாசல் கதவைப் பூட்டுவதில்லை. ஒரு ஜனவரி காலை, டி-ரோடு என்கிற நெடுஞ்சாலையின் இறக்கத்தில் ஒரு லாரி அவனை அடித்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அம்மா கதவைப் பூட்டவிடவில்லை. "திறந்தேதான் இருக்கு, வரட்டும்" என்பாள். அதைத்தான் நாலு பத்தியாக எழுதினேன். ஆட்ரியன் மெட்டுப் போட்டு கிட்டார் வாசித்தான். கெல்சி பாடினாள். நான் டிரம்ஸ்.

கெல்சி மௌண்ட்ஃபோர்ட் என் பள்ளித் தோழி. அவன் செத்த வருஷம் ஜூன் மாதம் கேரத்தைக் கட்டிக்கொள்ள இருந்தவள். வெள்ளை உடுப்பு கூட வாங்கி வைத்திருந்தாள்.

ஆட்ரியன் வீட்டுக் கார் கொட்டகையில்தான் பதிவு செய்தோம். இரண்டாவது பத்தியில் எனக்கு ஓர் அடி தவறிவிட்டது. அழுதுகொண்டிருந்தேன், குச்சி கீழே இறங்கவில்லை. மறுபடி வாசிக்கிறேன் என்றேன். "வேணாம், விடு. அந்த ஓட்டை அங்கயே இருக்கட்டும்" என்றான் ஆட்ரியன்.

பதினோரு வருஷம் ப்ளூபெல் என்ற மதுக்கடையின் மாடியில் வாசித்தோம், அதில் ஒன்பது வருஷம் இந்தப் பாட்டையும். எண்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். அங்கே வந்தவர்களுக்கு இது என்ன பாட்டு என்று தெரியும். பாட்டு தொடங்கியதும் கோப்பைகளைக் கீழே வைத்துவிடுவார்கள், முடிந்த பிறகுதான் எடுப்பார்கள். ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்புறம் பக்கத்துப் பழைய கிடங்கை அடுக்குமாடி வீடுகளாக்கினார்கள். வீடு வாங்கியவர்கள் சத்தம் என்று நகராட்சிக்கு எழுதினார்கள். கடைக்காரர் சுவருக்குப் பஞ்சு அடைத்தார், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டார், எட்டு மணிக்கே முடித்தார். ஒன்றும் உதவவில்லை. மார்ச்சில் மாடியை மூடி, அதையும் வாடகை வீடாக்கிவிட்டார்கள். டோபியின் போன் மே மாதம் வந்தது. பாட்டு நாலு கோடி தடவை ஓடிய எங்களுக்கு ஒத்திகை பார்க்க ஓர் அறை இல்லை.

ஜூனில் டோபி நேரில் வந்தான். எங்களோடு சேர்ந்து இரண்டு வருஷத்தில் அவன் ஸ்டோக்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நாலு பேரும் உட்கார்ந்தோம்.

"ஜகார்த்தாவுல பெரிய மைதானம். அப்புறம் சுரபாயா, மணிலா. செப்டம்பர்ல போறோம்" என்றான்.

"யாரு போறோம்?" என்று கேட்டான் ஆட்ரியன்.

டோபி டீயை நகர்த்தி வைத்தான். "அங்க உள்ள ஏற்பாட்டுக்காரங்களுக்கு முகம் தெரிஞ்ச ஆள், கெல்சி மட்டும் போதும்கறாங்க. வாசிக்கறவங்க அங்கயே இருக்காங்க. செலவும் குறைவு. உண்மையச் சொன்னா, உங்களவிட நல்லாவே வாசிக்கறாங்க."

ஆட்ரியன் சிரித்துவிட்டான். "அட, வாய்விட்டுச் சொல்லிட்டான்யா! அப்ப எங்க ரெண்டு பேருக்கும் என்ன, கையாட்டி அனுப்பற வேலையா?"

"உங்களுக்கு லண்டன் இருக்கு. அடுத்த மாசம் இசைத் தொழில்காரங்க சங்கத்துல வருஷ அறிக்கை வெளியிடறாங்க. மந்திரி வர்றார். பிரிட்டிஷ் பாட்டு உலகம் பூரா எப்படிப் போயிருக்குங்கறதுக்கு உங்க கதையத்தான் சொல்லப்போறாங்க. கெல்சி பாடறா. நீங்க விருந்தாளிங்க."

நான் கெல்சியைப் பார்த்தேன். டீயில் போடாத சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாடி?"

"போன வாரம் சொன்னான்."

"போன வாரம் எங்க வீட்டுல வந்து சாப்பிட்டியே."

"உங்க அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது, ஹெதர்?"

நான் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன். மிச்சத்தையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அந்த வீடியோக்களைக் காட்டினேன். எவனோ சொல்லித் தெரிவதைவிட நான் காட்டுவது மேல் என்று நினைத்தேன். தங்கச் சரிகைத் துணியில் ஒரு பெண், தலை நிறைய மல்லிகை, மெல்ல நடந்து வருகிறாள். பின்னால் கெல்சியின் குரல். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு கல்யாணம் பார்த்தாள்.

"அழகா இருக்குதுங்க. இதுங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரிய வேணாம், விடு" என்றாள். பிறகு, "கெல்சி இளைச்சுப் போயிட்டா" என்றாள்.

லண்டன் விழா ஜூலையில், நடுப்பகலில், தேம்ஸ் ஓரத்துக் கண்ணாடி மண்டபம் ஒன்றில். ஆட்ரியன் தன் அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சுவர் அகலத்துக்கு உலக வரைபடம். அதில் நம் நாட்டிலிருந்து கோடுகள் புறப்பட்டு எல்லாக் கண்டங்களுக்கும் போயின. மந்திரி பேசினார். நம் பாட்டு போகாத ஊர் இல்லை என்றார். நம் இசை இதைவிட ஆரோக்கியமாக என்றைக்கும் இருந்ததில்லை என்றார். "ஸ்டோக்கில் ஒரு சின்ன மாடி அறையில் பிறந்த பாட்டு இன்று ஜாவாவில் ஒலிக்கிறது. அந்தச் சின்ன அறைகள்தான் நம் செல்வம்" என்றார். கை தட்டினார்கள்.

"அந்தச் செல்வத்துல இப்ப யாரோ சோபா போட்டு வச்சிருக்காங்க" என்று ஆட்ரியன் என் காதில் சொன்னான். முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி முறைத்தாள்.

பிறகு கெல்சி மேடைக்கு வந்தாள். பின்னால் நாலு வயலின்காரர்கள். டிரம்ஸ் கிடையாது. தொகுத்து வழங்கியவர் மைக்கை நீட்டி, இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டார். கெல்சி எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"காதலுக்காக மனசுக் கதவைத் திறந்து வைக்கறதப் பத்தி" என்றாள். "காத்திருந்தா, நமக்குரியவங்க வந்தே தீருவாங்க."

கூட்டம் உருகியது. அவள் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள், அதுதான் தாங்கவில்லை. இரண்டாவது பத்தியில் வயலின்கள் என் ஓட்டையை நிரப்பிக்கொண்டு போயின.

கோட்டு மாட்டுகிற தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தேன்.

"வந்தே தீருவாங்களா? யாருடி வந்தா? கேரத்து வந்தானா?"

"கத்தாத, ஹெதர். செத்தவனப் பத்தின்னு சொன்னா கல்யாணத்துல போடுவாங்களா? டோபி சொல்லச் சொன்னான்."

"டோபி சொன்னா சொல்லிடுவியா?"

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "நீ அதை ஒரு தடவை எழுதின. நான் ஒன்பது வருஷமா வாரா வாரம் அந்த மாடியில அவனப் புதைச்சிருக்கேன். நீ டிரம்ஸுக்குப் பின்னாடி உக்காந்துக்குவ. நான் முன்னாடி நிப்பேன், எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க, பாவம் கெல்சின்னு. நான் வேற எவனையாவது பார்த்துச் சிரிச்சா ஊரே பேசும். இப்பத்தான் ஒரு இடத்துல அந்தப் பாட்டக் கேட்டு சனங்க சிரிக்கறாங்க. ஒரு தடவை நானும் பொய் சொல்லிட்டுப் போறேன், விடேன்!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அன்று நியாயம் வேண்டியிருக்கவில்லை.

"அவன் செத்ததுல உனக்கு ஒரு விமான டிக்கெட் கிடைச்சிருக்கு. போ, போய்ட்டு வா" என்றேன்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். நானும் ஆட்ரியனும் ரயிலேறினோம். பிறகு அவன், "நீ சொன்னது ரொம்ப அதிகம்" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து வாசித்ததே இல்லை.

அக்டோபரில் எனக்கு ஒரு செய்தி வந்தது. பகாஸ் என்று பெயர், சுரபாயாக்காரன். கெல்சி அங்கே பாடியபோது டிரம்ஸ் வாசித்தவன்.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரெண்டாவது பத்தியில ஒரு அடி விட்டுட்டுப் போறீங்களே, அதை எப்படி எண்றீங்க? இங்க நாங்க எல்லாரும் அதைப் பழகறோம். எனக்கு மட்டும் சரியா வரவே மாட்டேங்குது."

கூடவே ஒரு வீடியோ. ஒரு பயிற்சிக்கூடம், வரிசையாகப் பதினைந்து டிரம்ஸ், பதினைந்து பேரும் ஒரே இடத்தில் கையைத் தூக்கி நிறுத்துகிறார்கள். என் விம்மலை அவர்கள் ஒருசேர வாசித்தார்கள். நான் வேலை பார்க்கிற பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். மூன்று நோயாளிகள் காத்திருந்தார்கள்.

"எண்ணல. அழுதுக்கிட்டிருந்தேன். அது என் தம்பியோட சாவுப் பாட்டு" என்று எழுதினேன்.

நோயாளிகளில் இருவரை உள்ளே அனுப்பினேன். பிறகு, "அக்கா, எங்களுக்குத் தெரியாது. இந்த மாசம் மட்டும் ஒன்பது கல்யாணத்துல வாசிச்சிருக்கேன். நிறுத்திடட்டுமா?" என்று வந்தது.

எங்கள் பாட்டைப் பற்றி என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவன்தான். டோபி கேட்கவில்லை, மந்திரி கேட்கவில்லை, கெல்சி கேட்கவில்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவன் கேட்டான். "வாசி. ஆனா அந்த அடியை மட்டும் நிரப்பிடாத" என்று எழுதினேன்.

கெல்சியின் இரண்டாவது பாட்டு ஓடவில்லை. டோபி அவளுக்கு லண்டனில் யாரையோ வைத்து எழுதி வாங்கியிருந்தான். எல்லா வரியிலும் சந்தோஷம், கேட்டவுடன் மறந்துபோகும். வருஷம் திரும்புவதற்குள் அவன் லீட்ஸிலிருந்து வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டான். அடுத்த அறிக்கையின் வரைபடத்தில் அந்தப் பெண்ணின் ஊரிலிருந்து கோடு போயிருக்கும். ஆட்ரியன் ஒலிபெருக்கிகளை விற்றுவிட்டு மாமனாரோடு தரைவிரிப்பு போடப் போகிறான். கெல்சி திரும்பி வந்து டன்ஸ்டாலில் அக்காள் வீட்டில் இருக்கிறாள், பார்சல் கிடங்கில் வேலை.

அம்மா வியாழன் தோறும் பஸ் பிடித்து அவளைப் போய்ப் பார்க்கிறாள்.

"நீயும் வர்றியா?"

"வரல."

"அவ உன்னைக் கேட்டா."

"என்ன கேட்டா?"

"நல்லா இருக்கியான்னு. வேற என்ன கேப்பா?"

போன மாதம் ஹான்லியில் பல்பொருள் கடையில் அவளைப் பார்த்தேன். கிடங்குச் சட்டையோடு ரொட்டி அடுக்குப் பக்கம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை பாதி உயர்ந்தது. நான் உறைபனிப் பெட்டியின் மூடியைத் திறந்து, வேண்டாத பட்டாணிப் பையை எடுத்து, அதில் அச்சடித்திருந்ததையெல்லாம் வாசித்தேன். விரல் மரத்துப்போகும் வரை வாசித்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை. பட்டாணிக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நான் மறுபக்கத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன்.