பெரிய மாப்பிள்ளை பார்த்துச் சொன்ன தரை

மாமனார் வாயிலிருந்து ஒரே ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து பெரிய மாப்பிள்ளை மாடாய் உழைத்திருந்தார். அந்த வீட்டில் ஒழுகிய குழாய், சுற்றாத ஃபேன், சாத்த மறுத்த கதவு எல்லாம் அவர் கைபட்டுத்தான் சரியாயின. அதற்கெல்லாம் கிடைத்தது ஒரு "ம்". பிறகு சின்ன மாப்பிள்ளை வந்தான். ஒரு பல்பு மாற்றினான். மாமனார் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

பெரியவருக்கு வயிறு எரிந்தது. அவன் பேரைக் கேட்டாலே சோறு இறங்கவில்லை.

இப்போது சின்னவன் வீடு வாங்கி, கார் ஷெட் தரைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறானாம்.

"கார் நிக்கிற தரைக்கு யாராவது மேக்கப் போடுவாங்களா?" என்று சிரித்தார் பெரியவர்.

மனைவி சிரிக்கவில்லை. "என் தங்கச்சி வீட்டுக்காரர் முட்டி போட்டு ஆயில் கறையெல்லாம் தேய்க்கிறாராம். நீங்களும் இருக்கீங்களே."

மறுநாள் காலையிலேயே உதவிக்கென்று கிளம்பிப் போனார். உண்மையில் போனது குறை கண்டுபிடிக்க. ஒன்றும் அகப்படவில்லை. கறை போயிருந்தது. விரிசல்களைப் பூசி அடைத்திருந்தான். பெயின்ட் பிடிப்பதற்காக ஆசிட் ஊற்றித் தரையைச் சொரசொரப்பாக்கி, கழுவிக் காயவிட்டிருந்தான். மூலையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் டேப் ஒட்டிக் கிடந்தது.

"அது ஈரம் பார்க்கறதுக்குண்ணா," என்றான் சின்னவன். "நேத்தே ஒட்டிட்டேன். அடியிலிருந்து ஈரம் ஏறினா தாள் உள்பக்கம் வேர்த்திருக்கும். அப்படி இருந்தா பெயின்ட் நிக்காது. நீங்க கொஞ்சம் பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க, நான் போய் ரோலர் வாங்கிட்டு வந்துடறேன். உங்க கண்ணுக்குத் தப்பாது."

அவன் தலை மறைந்ததும் பெரியவர் டேப்பை உரித்தார். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அடியில் தரை கறுத்திருந்தது.

அப்போது மனிதருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லவே கூசுகிறது. கைக்குட்டையால் தாளைத் துடைத்து மடித்து வைத்தார். கறுத்த இடம் வெளுக்கட்டும் என்று குனிந்து ஒரு அட்டையால் விசிறவும் செய்தார்.

"எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் சின்னவன்.

"சுத்தமா காஞ்சிருக்கு. தைரியமா அடிங்க தம்பி."

அவன் டப்பாவைத் திறந்து கலக்கினான். ரோலரை நனைத்தான். அவன் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்ததைப் பார்த்ததும் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், என்ன பாடு பட்டிருக்கிறான். 'தம்பி, கொஞ்சம் இருங்க' என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து சின்னவனுக்கு மாமனாரின் போன்.

"கையெல்லாம் பெயின்ட்டுண்ணா, ஸ்பீக்கர்ல போடுங்களேன்."

போட்டார். "மாப்ள, சாப்பிட்டீங்களா? முட்டி வலிக்குதா? நீங்க தொட்டா எதுவுமே தனி அழகுதான்!" என்றது போன்.

பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

தரை நன்றாகக் காய்ந்த பிறகு சின்னவன் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டான். ஷெட்டிலேயே மேசை போட்டிருந்தான். தரை பளபளத்தது. மாமனார் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி வந்தார். பெரியவரின் கண் நேரே அந்த மூலைக்குப் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். எதற்கென்று தெரியாமலே ஓடிப்போய் அதை வலது காலால் மறைத்துக்கொண்டார். பாதத்தின் கீழ் மெத்தென்று அமுங்கியது.

மாமனார் சின்னவனைத் தட்டிக் கொடுக்கப் போனார். சின்னவன் நெளிந்தான்.

"நான் வெறும் தேய்ச்சவன்தான் மாமா. ஈரம் இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொன்னது அண்ணன். அவர் வார்த்தையை நம்பித்தான் துணிஞ்சு அடிச்சேன். இந்தத் தரை அவரோடது."

மாமனார் திரும்பினார். நேரே வந்து பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, இத்தனை நாள் உங்க அருமை எனக்குத் தெரியாமப் போச்சே. நம்ம வீட்டு ஷெட்டையும் நீங்களே பார்த்துச் செஞ்சு கொடுத்துடணும். வாங்க, வந்து என் பக்கத்துல உக்காருங்க."

மனைவியின் முகம் பூரித்துப் போயிருந்தது. மாமனார் கையைப் பிடித்து இழுத்தார்.

பெரியவர் அசையவில்லை.

"இருக்கட்டும் மாமா," என்றார். "நான் இங்கயே நின்னு சாப்பிட்டுக்கறேன்."