செங்கமலம் வைத்த இரண்டாவது வட்டில்

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லை. எங்கள் மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் என் மிளகை நிறுத்துக்கொண்டே அப்பாஸ் அலி பாய் ஒரு பாட்டை முணுமுணுத்தார். "அது 'மூன்றாவது சாவி' பாட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அட, அர்த்தனாரிக் கவுண்டரும் படம் பாத்திருக்கீங்களா?"

என் சம்சாரம் பொன்னாயி போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம். அதற்கப்புறம் விலையைத் தவிர வேறொன்றை ஒரு மனுஷன் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். "பாக்காமயா? சேலத்துலயே பாத்துட்டேனுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சேலத்தில் நான் பார்த்தது கொட்டகை வாசலைத்தான். டிக்கெட் தீர்ந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மலையேறினேன். எழுத்துக்கூட்டி நூறு தரம் படித்திருப்பேன். அதிலிருந்த கதைச்சுருக்கத்தில், மிராசுதாரைக் கொன்றது தம்பியா, டாக்டரா, சமையற்காரி செங்கமலமா என்று கேட்டுவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருந்தான், பாவி. யார் யார் என்ன வேஷம் என்ற பட்டியல் மட்டும் முழுசாக இருந்தது.

பாய் சேந்தமங்கலத்துக்காரர். வாரம் ஒருதரம் மட்டக்குதிரைகளோடு வந்து மிளகு, தேன், ஆமணக்கு எது கிடைத்தாலும் வாங்கிப்போவார். படத்தை நாலு தரம் பார்த்தவர். அன்றிலிருந்து சந்தை கலைந்ததும் பலாமரத்தடியில் எங்கள் கச்சேரி. டாக்டராக வந்த சடகோபனுக்குக் கண்ணை உருட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்பார். தம்பி வேஷக்காரனுக்குப் பாட்டு வரும், அழுகை வராது என்பார். பட்டியலை வைத்துக்கொண்டு நானும் ஈடுகொடுத்துச் சண்டை போடுவேன்.

செங்கமலத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேஷம் ரத்னாம்பாள். பட்டியலில் கடைசியில், தாய் தகப்பன், புருஷன் என்று யாருமில்லாமல் நின்றாள்.

"எசமான் செத்தப்புறம் அவ பழக்கத்துல ரெண்டு வட்டில் வெப்பாளே பாய். சோத்தப் போட்டப்பறந்தான் நெனப்பு வரும். அதத் திரும்பச் சட்டியில கொட்டுவா பாருங்க. அந்தப் புள்ளையாட்டம் நடிக்க ஆளு உண்டுங்களா?" என்றேன் ஒரு நாள்.

பாயின் சம்சாரம் சலீமா பீவியும் போன நோன்புக்கு முன்னால்தான் இறந்திருந்தார். "ஆமாங்க கவுண்டரே. அந்த எடத்த மறக்க முடியாதுங்க" என்றார்.

அது புத்தகத்தில் இல்லாத காட்சி. என் அடுப்படியில் நடந்தது. பாய் ஆமாம் என்றதும், நான் நினைத்தபடியே படத்திலும் எடுத்திருக்கிறான் போல என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷம் இப்படி ஓடியது. ஆறு நாள் என் ஊரான குண்டனி நாட்டில் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பேன், ஏழாம் நாள் பேசுவேன்.

தை மாதம் பாய் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "எங்கூருக்கே டூரிங் டாக்கீஸ் வந்திருக்குதுங்க. சனிக்கெழம நம்ம படம். வாங்க, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் பொய்யனோடு பலாமரத்தடியில் யார் உட்காருவார்? "மெளகு பறிப்பு இருக்குதுங்க" என்று தட்டிக்கழித்தேன்.

பாய் முகம் சுண்டிப்போனது. "எதுக்கும் எடம் போட்டு வெக்கறேனுங்க" என்றார்.

ஆசை யாரை விட்டது? சனிக்கிழமை மலையிறங்கினேன். படம் ஆரம்பித்த பிறகு நுழைந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசிக் கம்பத்தோரம் நின்றேன்.

செங்கமலம் வந்தாள். "எசமான், காபி" என்று தம்ளரை வைத்தாள். போனாள். எசமான் செத்தார்; அதற்கப்புறம் அவள் தலையே தெரியவில்லை. வட்டிலும் இல்லை, சோறும் இல்லை.

அப்படியானால் நாலு தரம் பார்த்த பாய் அன்றைக்கே என் பொய்யைப் பிடித்திருக்கிறார். வருஷம் முழுக்க என்னை வைத்து வேடிக்கையா பார்த்தார்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். நடுவில் மணலில் பாய் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் எள் போட இடமில்லை, அவர் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. யாரோ உட்காரப் போனார்கள். பாய் கையை வைத்து மறித்து, "ஆளு வருதுங்க" என்றார். அடுத்த ரீலுக்கும் அதையேதான் சொன்னார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தத் துண்டு இருபதடி தூரம்கூட இல்லை. வெட்கம் காலைப் பிடித்துக்கொண்டது. கொலைகாரன் டாக்டர்தான். ஒரு வருஷம் காத்திருந்து தெரிந்துகொண்டும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. துண்டு கடைசி வரைக்கும் காலியாகவே கிடந்தது.

அடுத்த சந்தையில் பாய் வழக்கம்போலப் பலாமரத்தடிக்கு வந்தார். "செங்கமலத்த மறுக்காப் பாத்தேனுங்க. அந்த ரெண்டாவது வட்டில வெக்கறா பாருங்க, இன்னிக்கும் கண்ணு கலங்கிப்போச்சு" என்று ஆரம்பித்தார்.

எனக்காகத்தான் சொல்கிறார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "பாய், நீங்க விரிச்சு வெச்சிருந்த துண்டுல கடைசி வரைக்கும் ஆளே வரலீங்களே" என்றேன்.

பாய் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

"அத்தன தூரம் மலையெறங்கி வந்தவரு, பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாமுங்களே, சாமி" என்றார்.